குளிர்ந்துபோன இன்ஜினுக்கு எத்தனை தடவை பெயிண்ட் அடிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் பழைய நீராவி இன்ஜின் ஒன்றின் படம் வந்திருந்தது. ஏதோ ஒரு ரயில் நிலையத்தின் வாசல், சிமென்ட் மேடை, சுற்றிலும் புல்தரை, நாலு மூலையிலும் அலங்கார விளக்கு. கீழே 'அந்தக் கால அகலப் பாதை இன்ஜின்' என்று எழுதியிருந்தீர்கள். அது அகலப் பாதை இன்ஜின் இல்லை ஐயா, மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டரே இருக்கும் குறுகிய பாதை இன்ஜின். ஒய்பி வகை. முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. அகலப் பாதையில் ஓடிய டபிள்யூபிக்கும் இதே கணக்குதான், ஆனால் அதன் பெரிய சக்கரம் 5 அடி 7 அங்குலம், ஒய்பிக்கு நாலரை அடி. அதற்கு மேல் டபிள்யூபியின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரி கூம்பிய மூக்கு, அதன் நடுவில் நட்சத்திரம். உங்கள் படத்தில் இருந்ததற்கு மூக்கே இல்லை, தட்டையான வட்ட முகம்.

இதற்காகவா ஒரு கடிதம் என்று கேட்பீர்கள். இதற்காக மட்டும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததற்கு மூன்று வாரம் முன்னால்தான் நான் ரேவாரிக்குப் போய்விட்டு வந்திருந்தேன், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

என் ஊர் செங்கோட்டை. டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, மயூர் விஹாரில் இருக்கிறேன், வேலை கணக்கு எழுதுவது. ரயில் பைத்தியம் மட்டும் பிறவியிலேயே வந்தது, ஏனென்றால் பெரியப்பா பயர்மேன். செங்கோட்டை லோகோ ஷெட்டில் கரி அள்ள ஆரம்பித்து, கடைசியில் டிரைவராகி ரிட்டயர் ஆனார். புனலூர் மலைப்பாதையில் போகும் வண்டிக்குப் பின்னாலிருந்து இன்னொரு இன்ஜின் முட்டுக் கொடுத்துத் தள்ளும், அந்தப் பின் இன்ஜினில் அவர் இருந்தால் பகவதிபுரம் தாண்டும் வரை எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் வேறு பேச்சு இருக்காது.

டெல்லியில் இருக்கும் ரயில் பைத்தியங்களுக்குச் சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1977-ல் திறந்தது, ஊரிலிருந்து யார் வந்தாலும் குதுப்மினாருக்கு அடுத்து அங்கேதான் கூட்டிப்போவேன். 1855-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் செய்த ஃபேரி குயின் இன்ஜின் ரொம்ப வருஷம் அங்கேதான் இருந்தது, 1895-ல் அஜ்மீர் பணிமனையில் செய்த எஃப் வகை இன்ஜின் இருக்கிறது, பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது. எல்லாம் அருமை. ஆனால் மகள் ஒரு தடவை ஒரு இன்ஜினின் பாய்லரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன்ப்பா, இதெல்லாம் ஜில்லுனு இருக்கு?" என்றாள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டிடிஇஏ) பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள், ரயில் என்றால் அவளுக்கு மெட்ரோ. அப்போதுதான் சரி, இவளை ரேவாரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ரேவாரி இங்கிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம், ஹரியானாவில் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். டெல்லியிலிருந்து ரேவாரிக்கு 1873-ல் போட்ட தண்டவாளம்தான் இந்தியாவின் முதல் மீட்டர் கேஜ் பாதை. அகலப் பாதை என்றால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் 1676 மில்லிமீட்டர், போட்டால் செலவு அதிகம். ஜனம் குறைவாக இருக்கும் பக்கத்துக்குச் சிக்கனமாக ஏதாவது வேண்டும் என்று மேயோ பிரபு காலத்தில் யோசித்து, அளவெல்லாம் சீக்கிரம் மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறது என்ற நம்பிக்கையில் ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் முறை வர இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது, அது வேறு கதை. நம் பக்கம் எழும்பூர், விழுப்புரம், மதுரை, திருநெல்வேலி என்று ஓடியதெல்லாம் அந்த ஒரு மீட்டர் முடிவின் பிள்ளைகள்தான். அந்த முடிவு முதலில் தரையில் இறங்கிய இடம் ரேவாரி என்பதால் செங்கோட்டைக்காரனுக்கு அது ஒரு வகையில் பூர்வீகம்.

ஜனவரி மாதம், நல்ல பனி. சராய் ரோஹில்லாவில் ஏறி உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, குருகிராம் வந்ததும் போனதும் பிளாட்பாரச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. ரேவாரியில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, ஷெட்டுக்கு நடந்தோம்.

1893-ல் கட்டிய ஷெட். ஒரு காலத்தில் அங்கிருந்து எந்தத் திசைக்குப் போனாலும் மீட்டர் கேஜ் வண்டிதான், இரவு பகல் என்று பார்க்காமல் இன்ஜின்கள் வந்து கரி ஏற்றி, தண்ணீர் பிடித்து, சாம்பல் கொட்டிவிட்டுப் போகும். நீராவிக் காலம் முடிந்ததும் பூட்டிப் போட்டுவிட்டார்கள், பல வருஷம் அப்படியே கிடந்தது. 2002-ல் அதைத் தூசி தட்டி, பாரம்பரிய ஷெட்டாக மறுபடி திறந்தார்கள். அங்கே நிற்கும் இன்ஜின்களுக்கெல்லாம் பெயர் உண்டு. அக்பர், ஆசாத் இரண்டும் டபிள்யூபி. ஆசாத் 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்தது, அக்பர் 1965-ல் நம் சித்தரஞ்சனில் செய்தது. அங்கத் என்று ஒரு பூதம் நிற்கிறது, 1930-ல் ஸ்காட்லாந்தில் பியர்ட்மோர் கம்பெனி செய்த எக்ஸ்இ வகை. அதன் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த விராட்டும் இருக்கிறது. கூடவே மீட்டர் கேஜ் இன்ஜின்கள். அவற்றைப் பார்த்ததும் நான் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றுவிட்டேன், மகள் போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். இன்ஜினை இல்லை, என்னை.

எங்கள் அதிர்ஷ்டம், அன்றைக்கு ஒரு இன்ஜினில் நெருப்பு இருந்தது. முந்தின நாள் மாலையே பற்ற வைத்தார்களாம். நீராவி இன்ஜினைச் சாவி போட்டுத் திருப்பிக் கிளப்ப முடியாது. விறகு, எண்ணெய் நனைத்த துணி, அதன் மேல் கொஞ்சம் கரி என்று ஆரம்பித்து, மெதுவாக, மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் சூடேறி ஒரு பக்கம் குளிர்ந்து தகடு விட்டுக்கொடுத்துவிடும். பிரஷர் 210 பவுண்டு வரை போகும். கார் டயரில் நாம் முப்பது சொச்சம்தான் அடிக்கிறோம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போதுகூட அது சும்மா இல்லை. எங்கேயோ ஒரு சொட்டு விழுகிறது, எங்கேயோ ஒரு இரும்பு 'டக்' என்கிறது, அடிவயிற்றில் ஒரு உறுமல். மாடு அசைபோடுகிற மாதிரி.

அங்கே வயதான பிட்டர் ஒருவர் இருந்தார். கையில் ஒரு பிடி வேஸ்ட், அதுதான் எண்ணெய் துடைக்கிற நூல் கழிவு. அதை அவர் கீழே வைத்து நான் பார்க்கவில்லை, பேசும்போதும் கை எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தது. நான் செங்கோட்டை ஷெட் கதையைச் சொன்னதும், மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, எங்களை மேலே ஏற்றிவிட்டார். முதலில் காட்டியது நெருப்பை இல்லை, தண்ணீர்க் கண்ணாடியை. ஒரு சாண் உயரக் கண்ணாடிக் குழாய், அதற்குள் தண்ணீர் மட்டம் மேலும் கீழும் லேசாகத் துள்ளிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா சொல்வார், டிரைவருக்குச் சிக்னல் ஒரு கண் என்றால் இது இன்னொரு கண் என்று. மட்டம் இறங்கி, நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் தகடு பழுத்துவிடும். அதற்காகவே கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு வைத்திருப்பார்கள், சூடு எல்லை தாண்டினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பாய்ந்து எச்சரிக்கும். ஈயம் உருகவிட்ட பயர்மேனுக்கு ஷெட்டில் மரியாதை போச்சு. பெரியப்பா தன் சர்வீஸில் ஒரு தடவைகூட உருகவிட்டதில்லை என்று சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார், பெரியம்மாவிடம் கேட்டால் ஒரு தடவை என்பார்.

மகளுக்கு ஒரு மண்வெட்டிக் கரி போட ஆசை. பிட்டர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். கதவு திறந்ததும் அந்த அனல் முகத்தில் அறைந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் வாசலிலேயே கொட்டிவிட்டாள். "பேட்டி, ஜோர் சே நஹீ" என்றார் அவர். பலத்தால் இல்லையம்மா என்று அர்த்தம். அப்புறம் அவரே ஒரு அள்ளு அள்ளி, மண்வெட்டியின் நுனியைக் கதவின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினார். கரி விசிறி மாதிரி விரிந்து பின் மூலையில் போய் விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் எனக்கு ஏழு வயதில், எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரு பழைய மண்வெட்டியும் ஆற்று மணலும் வைத்து பெரியப்பா சொல்லிக்கொடுத்தது அதே திருப்புதான். "ஏல, கரியப் போடாத. விதை." ஹரியானாக்காரர் ஒருவர் கையில் அதைப் பார்க்க எண்பது கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

இறங்கியதும் மகள் கேட்டாள், "அங்கிள், இதை எப்படி ஆஃப் பண்ணுவீங்க?" என்று, இந்தியில். அவர் யோசித்துவிட்டு, ஆஃப் கிடையாது, நெருப்பைக் குறைத்து, சாம்பலை இறக்கி, தானாக ஆறும் வரை பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் ராத்திரி? ராத்திரியும்தான். சரி, இந்த வேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டேன். முதலில் ரிட்டயர் ஆனவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள், அவர்களிடம் நாங்கள் கற்றுக்கொண்டோம், இப்போது டீசல் ஷெட்டிலிருந்து பையன்கள் வருகிறார்கள், சில பேருக்குப் பிடிக்கிறது, சில பேர் கரி பார்த்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றார். உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது, ஒன்று வார்த்து எடுக்க வேண்டும், இல்லை நின்றுபோன இன்னொரு இன்ஜினிலிருந்து கழற்ற வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். ஒய்பி இன்ஜின்கள் மொத்தம் 871 செய்தார்கள், அதில் பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்தது. நம் தென்னாட்டு எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்ததும் அதே ஒய்பிதான். அவற்றில் மிஞ்சிய சிலவற்றை மேடையில் ஏற்றி, வருஷத்துக்கு ஒரு தடவை கறுப்புப் பெயிண்ட் அடித்து, முன்னால் ஒரு பலகை வைத்து நிறுத்தியிருக்கிறோம். போன வருஷம் ஊருக்குப் போனபோது இப்படி ஒன்றைப் பார்த்தேன், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். செய்த கம்பெனியின் தகட்டின் மேலேயே ஏழெட்டு அடுக்குப் பெயிண்ட், எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. நெருப்புப் பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே காலி தண்ணீர் பாட்டில். பிரஷர் கடிகாரம் இருந்த இடத்தில் ஓட்டை. அதன் முன்னால் நின்று ஒரு குடும்பம் செல்பி எடுத்துக்கொண்டிருந்தது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல பின்னணிதான்.

தமிழ்நாட்டில் நீராவியே இல்லையா என்றால், இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில் இன்றும் நீராவியில்தான் ஏறுகிறது, அதுவும் மீட்டர் கேஜ்தான். ஆனால் அது தண்டவாளத்துக்கு நடுவில் பல்சக்கரம் கடித்து ஏறும் தனி ஜாதி இன்ஜின், சமவெளியில் நம் ஊர்களுக்கு ஓடிய இன்ஜின் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்த மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில், பழசை ஒட்டுப் போட்டு அல்ல, புத்தம் புதிதாகவே நீராவி இன்ஜின்கள் கட்டினார்கள். அதுவும் இந்த நூற்றாண்டில். ஃபேரி குயினுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது டெல்லியிலிருந்து அதைக் கொண்டுபோனது எங்கே? பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். அதன் உடன்பிறப்பான, அதே 1855-ல் செய்த 'எக்ஸ்பிரஸ்' என்ற இன்ஜினை ஒரு நூற்றாண்டுத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைத்ததும் பெரம்பூர்தான். டெல்லிக்காரர்களுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்த கை நம்முடையது, நம் வீட்டு அடுப்பு மட்டும் அணைந்து கிடக்கிறது.

ஒரு ஒய்பி, சரக்கு வண்டி இழுத்த அதன் ஜோடி ஒய்ஜி ஒன்று. இரண்டு கிலோமீட்டர் மீட்டர் கேஜ் தண்டவாளம். ஒரு ஷெட், ஒரு சாம்பல் குழி, ஒரு தண்ணீர்த் தொட்டி. பொன்மலையிலோ விழுப்புரத்திலோ, யார்டில் இடம் இருக்கிற எந்த ஊரிலோ. மாதத்துக்கு ஒரு ஞாயிறு நெருப்பு மூட்டினால் போதும். இவ்வளவுதான் கேட்கிறேன். மீதி நாளில் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுங்கள், ரேவாரியில் அதைத்தான் செய்கிறார்கள், இந்திப் படங்களில் பழைய ரயில் வந்தால் அநேகமாக அக்பர்தான்.

பழசு பாடுகிறான் என்று நினைக்க வேண்டாம். மீட்டர் கேஜை எடுத்தது சரிதான். 2010-ல் செங்கோட்டை–புனலூர் பாதையை மூடியபோது நான் இங்கே உட்கார்ந்து அழுதது உண்மை, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்ததும் முதல் லீவிலேயே அதில் ஏறிப் போய் சந்தோஷப்பட்டதும் உண்மை. நீராவி இன்ஜின் திரும்ப வர வேண்டும் என்று பெரியப்பாவே சொன்னதில்லை. கடைசிக் காலத்தில் அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, இருமினால் அரைமணி நேரம். ரேவாரிப் பக்கமே இப்போது சரக்கு ரயிலுக்கென்று தனிப்பாதை போகிறது, ஒன்றின் மேல் ஒன்றாகக் கன்டெய்னர் அடுக்கி, மின்சார இன்ஜின் இழுத்துக்கொண்டு போவதை அன்று மாலை மகளும் நானும் நின்று பார்த்தோம், அதுவும் கண்ணுக்கு விருந்துதான். ஷெட்டில் நாலு இன்ஜினைச் சூடாக வைத்திருப்பதால் அந்தப் பாதைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

புகை, கரி, செலவு என்று சொல்வார்கள். மாதம் ஒரு நாள் எரியும் கரியால் ஊர் கெட்டுவிடாது. செலவு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இரும்பைச் செலவு செய்து எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம், பெரம்பூரில் மீட்டுக் காட்டிவிட்டார்கள். அந்த மணிக்கட்டுத் திருப்பு இருக்கிறதே, அதை எந்தப் பணிமனையிலும் வார்க்க முடியாது. நம் பக்கம் கரி விதைத்தவர்களில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்களே இப்போது ரிட்டயர் ஆகிற வயதைத் தொட்டிருப்பார்கள். மதுரையில், விழுப்புரத்தில், திருச்சியில், தஞ்சாவூரில், ரயில்வே காலனிக்குப் பக்கத்துத் தெருக்களில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேரனைப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டு, டீக்கடையில் உங்கள் பத்திரிகையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு அரைப்பக்கம் ஒதுக்கி, நீராவி ஷெட்டில் வேலை பார்த்த பயர்மேன், டிரைவர், பிட்டர், பாய்லர் கழுவிய கலாசி என்று எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர்கள் சொல்வதைப் பேத்தியை விட்டுப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். வீரக்கதை வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில் முதல் விறகை எங்கே வைப்பீர்கள், எந்த ஊர்க் கரி எப்படி எரியும், பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் தண்ணீர் எடுக்காமல் அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள், மழை நாளில் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் மணலை எப்போது விடுவீர்கள், இந்த மாதிரி. என்றைக்காவது ஒரு ஷெட்டுக்கு அனுமதி வந்தால் அன்றைக்கு அந்த அரைப்பக்கங்களைக் கத்தரித்துக்கொண்டு போய்ப் பையன்களிடம் கொடுக்கலாம். என்னிடம் பெரியப்பா சொன்னது ஒரு நோட்டு இருக்கிறது, முதலில் அதையே அனுப்புகிறேன்.

அப்புறம், அந்தப் பட விளக்கம். அடுத்த ஞாயிறு ஒரு வரியில் திருத்தம் போட்டுவிடுங்கள், மீட்டர் கேஜ் என்று.

இப்படிக்கு,
செங்கோட்டை வாசகன்,
மயூர் விஹார், டெல்லி.